கொல்லங்குடிக் கருப்பாயி அம்மையாரும் நம் இல்லத்துப் பாட்டும்

(கோடைக்கானலில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இன்று பேசுமாறு நமக்குக் குறிக்கப்பட்ட பொருள் 'தமிழிசை' என்பதாகும். அது கடல்போற் பரந்த பொருள். அரை மணி நேரத்தில் அக்கடலை நீந்திக் கரையேறுவது நம்மனோர்க்கு இயலாது. குளிரோ மிகுதி, பின்வரிசையிற் சிலர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்க ஆயத்தமாக இருப்பதையும் காண்கின்றோம். ஆதலின் அப்பெரும்பொருளை விடுத்து, ஏட்டிலே பெயர் ஏறாத ஒரு மூதாட்டியாரைப் பற்றிப் பேச எண்ணினோம். தலைவரவர்களும் அதற்கு இசைந்தார்கள்.

அம்மூதாட்டியார் கொல்லங்குடிக் கருப்பாயி அம்மையார். சிவகங்கைச் சீமையில், காளையார்கோவிலுக்குப் போகும் வழியில் உள்ளது கொல்லங்குடி. அதனை அடுத்த அரியாக்குறிச்சியில் வெட்டுடையார் காளியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். வேலு நாச்சியார் சென்ற வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்து வெட்டுண்டு மாய்ந்தாள் உடையாள் என்னும் ஏழைப்பெண் என்றும், அவள் நினைவே அக்கோயிலில் நிலவுகின்றது என்றும் அந்நாட்டார் இன்றும் கூறுவர். அத்தகைய நாட்டிலே, நாற்று நடவிலும் களையெடுப்பிலும் பாடிப் பாடியே குரல் பழுத்தவர் நம் அம்மையார். வித்துவான் ஒருவர்முன் அமர்ந்து சுரம் பயின்றவரல்லர். அவர் பாட்டை அகில இந்திய வானொலி எடுத்து ஒலிபரப்பிற்று. பின்னர், 1985-ஆம் ஆண்டிலே பாண்டியராஜன் இயக்கிய 'ஆண் பாவம்' என்னும் படத்திற் பாட்டியாக நடிக்கவும், இளையராஜாவின் இசையமைப்பிற் பாடவும் அவர் அழைக்கப்பெற்றார். அப்பொழுது அவர் அறுபதை அணுகியிருந்தார். 1993-இல் தமிழ்நாட்டு அரசு அவருக்குக் 'கலைமாமணி' என்னும் பட்டம் அளித்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். வயது தொண்ணூற்றொன்பது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு நாள் எழுதின. மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது.

'ஆண் பாவம்' வெளிவந்தபோது நாம் நான்கைந்து வயதுச் சிறுவர். பல ஆண்டு கழித்துத் தொலைக்காட்சிப் பெட்டியிலேதான் அதனைக் கண்டோம். அண்டை வீட்டாரெல்லாம் கதாநாயகர் இருவரையும் பற்றிப் பேசினர். ஊரிலே கொட்டகை கட்டும் தந்தையாராக வந்த வி. கே. ராமசாமியின் நகைச்சுவையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். நம் வீட்டுப் பாட்டியாருக்கோ படத்திலே கருப்பாயி ஒருவர்தாம் கண்ணிற் பட்டார். 'நம்ம சாதி சனம் மாதிரியே பாடுறா' என்று சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாட்டியார் பிற பாடகியர் எவரைப் பற்றியும் அவ்வாறு கூறியதில்லை.

பின்னர்க் கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் கோடைப் பண்பலை நமக்குத் தோழனாயிற்று. இம்மலையின் உச்சியிலிருந்து 100.5 என்னும் அலைவரிசையில் ஒலிக்கும் அவ்வானொலியைத் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் தேனியிலும் கேட்கலாம். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தும் கோயம்புத்தூர்ப் பக்கத்தும் கேட்பார் உளர். பண்பலை பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் நேர்வழியிற் செல்லும் தன்மையது. இடையில் மலை நின்றால் மறைபடும். தானே மலைமேல் நின்றால் அதற்குத் தடையில்லை. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் நட்ட ஒரு கம்பத்தினால், கீழ்நாட்டில் ஆடு மேய்ப்பான் கையிலும், தேநீர்க் கடைப் பலகையிலும், பேருந்து ஓட்டுநர் தலைமேலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலித்தது. அதன்வழி ஒருநாள் கருப்பாயி அம்மையார் குரலைக் கேட்டோம். அடுப்படியில் அமர்ந்து நம் பாட்டியார் பாடிய குரல், மலையுச்சி வரை போய் நம்மிடம் திரும்பி வந்ததுபோல இருந்தது.

அக்குரல் எத்தகையது என்று சிறிது சொல்லவேண்டும். அதிலே குழைவு குறைவு. கமகம் என்று வித்துவான்கள் சொல்லும் அசைவு அரிது. தொண்டையைத் திறந்து, எதிர்க்கரையில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல எடுப்பார். அது பயிற்சிக் குறையன்று, தொழிலின் பயன். நடவு வயலில் இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பர். கை சேற்றில் இருக்கும். கால் பின்னோக்கி நகரும். முன்பாட்டுக்காரி ஓரடி சொல்ல, மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். குனிந்த உடம்பிலே நெடுமூச்சு எழாது. ஆதலின் அடி குறுகி நிற்கும். கடைசியில் நிற்பவளுக்கும் எட்டவேண்டும். ஆதலின் குரல் உயர்ந்து நிற்கும். முதலடியை இருமுறை பாடுவது, அடுத்த அடியை நினைவிற் கூட்டிக்கொள்வதற்கும் ஒரு கைப்பிடி நாற்றைப் பிரித்தெடுப்பதற்கும் இடம் தரும். எதுகையும் இயைபும் நாவைத் தூக்கி அடுத்த சொல்லின்மேல் வைக்கும். யாப்பருங்கலக் காரிகையை ஐந்தாண்டு நம் மாணவர்க்குச் சொல்லியும் 'அடி' என்பதன் இயல்பை இத்துணைத் தெளிவாக நாம் விளக்கியதில்லை. களையெடுப்பவளின் முதுகெலும்பு அதனை விளக்கிவிடுகிறது.

'இவை பாமரர் பாட்டு, இலக்கியமாகுமோ?' என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை கூறத் தொல்காப்பியனாரே முன் நிற்கின்றார். செய்யுளியலிற் 'பண்ணத்தி' என்றொரு வகைக்கு அவர் இடம் தந்திருக்கின்றார். மக்கள் வாயிற் பிறந்து பண்ணோடு வழங்கும் பாட்டைத் தமிழின் முதல் இலக்கண நூலே விலக்கவில்லை. இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும், கந்துக வரியும், ஊசல் வரியும், வள்ளைப் பாட்டும் வைத்தார். காவியத்தின் முடிவிலே, பத்தினியைத் தெய்வமாக்கிய பின்னர், உலக்கை பிடித்துக் குற்றும் மகளிர் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார் அவ்வடிகள். மணிவாசகப் பெருமானோ திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருப்பொன்னூசல் என்று மகளிர் விளையாட்டையும் வேலையையும் இறைவன் பாட்டாக்கினார். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிற் கபிலர் பாடிய மகளிர் இருவர் மலைச்சாரலில் உரலின் இருபுறமும் நின்று, உலக்கையோச்சித் தலைவனை இகழ்ந்தும் புகழ்ந்தும் மாறிமாறிப் பாடுவர். அது நம் போன்ற மலைநாட்டார் பாட்டு. இன்று அவ்வுரல் நம் வீடுகளின் புறக்கடையிலே கவிழ்ந்து கிடக்கின்றது.

இப்பழனிமலைக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே நினைவூட்டுவோம். பொதினி என்று சங்கச் சான்றோர் வழங்கிய பழனி நாட்டைப் பேகன் ஆண்டான். மயிலுக்குப் போர்வை கொடுத்த அவ்வள்ளலைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான் என்பதைப் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கபிலர் அவன் மலையைப் பாடி ஒரு வாயிலில் நின்றபோது, பாட்டைக் கேட்ட ஒருத்தி அழுதாள். அவள் யார் என்று அவர் பேகனையே கேட்கின்றார். பரணரும் வேறு புலவரும் அவள் பொருட்டே அவனிடம் சென்றனர். பரிசில் வேண்டா, அவள் துயரைத் தீர்ப்பாயாக என்பதே அவர்கள் வேண்டுகோளின் கருத்து. ஒரு பெண்ணின் அழுகைக்குச் செவி சாய்த்தமையாலன்றோ புறநானூற்றிலே அப்பாட்டுக்கள் இன்றும் நிற்கின்றன!

கம்பரைப் பற்றிய கதை ஒன்று நாட்டிலே வழங்குகின்றது. கதையென்றே கொள்க, சரித்திரம் என்று நாம் சாதிக்கவில்லை. கவிச்சக்கரவர்த்தி ஒருநாள் மாலை வழிநடந்து போகையில், ஏற்றம் இறைப்பவன் ஒருவன் பாட்டைக் கேட்டார். மூங்கில் இலையையும் அதன்மேல் உறங்கும் பனித்துளியையும் பற்றிய பாட்டு அது. பாதியிலே பொழுது சாய்ந்துவிட, அவன் இறைப்பை நிறுத்தி வீடு சென்றான். மறுபாதி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் எண்ணி எண்ணிப் பார்த்தும் அகப்படவில்லை. விடியலில் மீண்டும் வந்து நின்று, அவன் வாயாலேயே கேட்டுத் தெளிந்தார். ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்னும் பழமொழி அதனை ஒட்டியதே. பதினாயிரம் விருத்தம் பாடியவரைக் கிணற்று மேட்டிலே காக்க வைத்த பெருமை நாட்டார்க்கு உண்டு என்று கதை கட்டியவனும் பாமரனாகவே இருக்கவேண்டும். கட்டியவனை வாழ்த்துவோம்!

அவ்வேற்றப் பாட்டு இப்பொழுது எங்கே? பிள்ளையாரைத் தொழுது தொடங்கி, சால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கையைப் பாட்டிலேயே கோத்து, நூறு சால் கடந்தும் செல்வதற்கு அமைந்தது அது. பாட்டே கணக்கு, கணக்கே பாட்டு. மின்சார மோட்டார் வந்தது. அது பாடாமலே இறைத்தது. ஏற்றம் போன பின் எண்ண வேண்டுவது இல்லை. எண்ண வேண்டாத இடத்திற் பாட்டும் வேண்டுவதில்லை. இதற்காக மோட்டாரைப் பழிப்பவர் தம் தோளில் ஒருநாள் ஏற்றம் இறைத்துப் பார்க்கட்டும். நாம் பழிக்கவில்லை. தொழில் போனால் அதன் பாட்டும் போகும் என்ற உண்மையை மட்டும் சொல்லுகின்றோம். நடவுக்கும் எந்திரம் வந்துகொண்டிருக்கிறது. தாலாட்டு, நலுங்கு, ஒப்பாரி போல்வன தொழிலோடு கட்டுண்ணாதவை. இவற்றிலும் தாலாட்டின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது.

பாட்டைத் தொகுத்தவர்கள் இல்லாமற் போகவில்லை. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி தமிழ்நாட்டில் உத்தியோகம் பார்த்த காலத்தில் நாடோடிப் பாடல்களைத் திரட்டினார். அத்திரட்டைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்னும் பெயரால் தஞ்சைச் சரசுவதி மகால் 1958-இல் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் பெருந்தொகையைத் தந்தார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அவர்கள் ஆராய்ந்ததோடு அமையாமல் மேடைதோறும் பாடியும் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். படவுலகத்தார் மேலும் சிலரை அழைத்தனர். தேனி குஞ்சரம்மாள் ஏ. ஆர். ரஹ்மான் இசையிற் பாடினார். பரவை முனியம்மா 2003-இல் வந்த 'தூள்' படத்தால் பட்டிதொட்டியெல்லாம் அறியப்பட்டு, 2020 மார்ச்சில் மறைந்தார். அவரவர் பாடியதில் எத்தனையோ பகுதி படத்துக்கு வேண்டப்படவில்லை. வேண்டிய இரண்டு மூன்று பாட்டு நிலைத்தது. வேண்டாதன அவர்கள் நெஞ்சோடு போயின. கருப்பாயி அம்மையார் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தார்; நாம் தேடிக் கேட்கப் புகுந்தால், கைப்பேசியிலே கிடைப்பது ஒரு மாலைப்பொழுதுக்குக்கூடக் காணாது. முதுமையில் அவர் வறுமையோடு வாழ்ந்த செய்தியும் அவ்வப்போது தாள்களில் வந்தது. பட்டயம் ஒன்று வீட்டுச் சுவரிலே இருந்தாற் சோறு வந்துவிடாது என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

'சிவகங்கைச் சீமைப் பாட்டுக்கும் பழனிமலைக்கும் என்ன உறவு?' என்று முன்வரிசையில் ஒருவர் மெல்லக் கேட்கின்றார். நல்ல கேள்வி. தைப்பூசத்துக்கு அந்தச் சீமையிலிருந்து நகரத்தார் காவடியோடு பல்லாயிரவர் குன்றக்குடி வழியாகவும் நத்தம், திண்டுக்கல் வழியாகவும் பழனிக்கு நடந்து வருகின்றனரல்லவா? நானூறு ஆண்டு வழக்கம் அது என்பர். நடக்கும் கூட்டம் வாய்மூடி நடவாது. பகலில் முருகன் பாட்டு. இரவில் தங்குமிடத்திலே கால்வலி மறக்க ஊர்ப்பாட்டு. அப்படி வந்த பாட்டு, சந்தைக்குப் பழனி இறங்கிய நம் மலைக்காரர் காதில் விழாமலா இருந்திருக்கும்? கழுகுமலை முருகன்மேற் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, வழிநடைப் பாட்டைப் புலவர் ஒருவர் கைக்கொண்டு உயர்த்தியதே. ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் அதனைச் செய்து, 1891-இல் இளமையிலேயே மறைந்தார் அவர். பாட்டு நடந்து திரிவது. அதற்குத் தாலுகா எல்லை கிடையாது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

சில திங்களுக்கு முன், மலைமேல் ஓர் ஊரில் ஒரு திருமணம், ஊர்ப்பெயர் வேண்டா. நலுங்கு வைக்கும் நேரத்தில் எண்பது கடந்த ஒரு பாட்டியார் பாடத் தொடங்கினார். மணமகளின் தாய்மாமன் கொண்டுவந்த சீரை வரிசையாக எண்ணிப் பாடும் பாட்டு அது. நான்கடி போயிற்று. ஒலிபெருக்கிக்காரன் சினிமாப் பாட்டைத் திருப்பிவிட்டான். அவன் வேலை அது, அவனை நோகவில்லை. நம்மவர் ஒருவர், படித்தவர், பாட்டியார் கையைப் பற்றி, 'போதும் அப்பத்தா, பெரிய மனுசங்க வந்திருக்காங்க' என்றார். பாட்டியார் அமர்ந்துவிட்டார். அதன்பின் அன்று முழுதும் அவர் பேசவும் இல்லை.

நம் சமூகத்தார் கல்வியினாலும் உழைப்பினாலும் உயர்ந்து வருகின்றோம். வயலிலும் தோட்டத்திலும் பாடிய பெண்டிரின் பேத்திமார் இன்று ஆசிரியர், மருத்துவர், வங்கி அதிகாரிகள். மெத்த மகிழ்ச்சி. ஆனால் உயர்வின் அடையாளமாக வீட்டுப் பெண்டிர் பாடுவதை நிறுத்துதல் வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்தோ நம்முள் நுழைந்துவிட்டது. கூலிக்குப் பாடியது, வயலிற் பாடியது, இழவு வீட்டிற் பாடியது எல்லாம் மறக்கத்தக்க இழிவு என்று சிலர் கருதுகின்றனர். அவர்களோடு நாம் மாறுபடுகின்றோம். நம் மூதாட்டியர்க்கு எழுத்துக் கொடுக்கப்படவில்லை. தம் பிறந்தவீட்டுப் பெருமையும், புகுந்தவீட்டுக் கொடுமையும், இறந்த பிள்ளையின் பெயரும், பஞ்ச காலத்துப் பசியும் அவர்கள் பாட்டிலேதான் பதிந்தன. நம் சங்கத்தார் குலவரலாறு எழுதப் பட்டயமும் செப்பேடும் தேடி ஊர் ஊராகச் செல்வதைப் பார்க்கின்றோம். செல்லுக. செப்பேட்டிலே ஆண்மக்கள் பெயரே பெரும்பாலும் இருக்கும்.

கருப்பாயி அம்மையார் மறைந்த செய்தி வந்த வாரத்தில், நம் பள்ளி மாணவ மாணவியர்க்கு வீட்டுப் பாடமாக ஒன்று சொன்னோம். வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியிற் பதிந்து வருக என்றோம். நாற்பதின்மரிற் பதினொருவர் கொண்டுவந்தனர். ஒரே தாலாட்டு மூன்று வீட்டில் மூன்று விதமாக வந்தது. ஒன்றில் மாமன் மதுரையிலிருந்து தொட்டில் கொண்டுவருகின்றான், மற்றொன்றிற் பழனியிலிருந்து, மூன்றாவதில், மலைமேற் குடியேறிய குடும்பத்தில், பூண்டு விற்று வத்தலக்குண்டில் வாங்கி வருகின்றான். எது சரி என்று ஒரு சிறுவன் கேட்டான். மூன்றும் சரி என்றோம். அவனுக்கு மனநிறைவு இல்லை. மதிப்பெண் எதற்கு என்று கேட்டான்.

ஒப்பாரிக்குத்தான் தடை வந்தது. சாவு இல்லாத வீட்டிலே ஒப்பாரி பாடினால் சாவு வரும் என்னும் அச்சம் நம் குடும்பங்களில் ஆழ்ந்து கிடக்கின்றது. ஒரு மாணவியின் தந்தையார் பள்ளிக்கே வந்து, 'ஐயா, இது வேண்டாம்' என்று பணிவோடு சொல்லிப் போனார். அவரை வாதத்தால் வெல்ல நாம் முயலவில்லை. வழி சொன்னவர் அம்மாணவியின் பாட்டியாரே. 'வீட்டுக்குள்ள தானே கூடாது? காட்டுல பாடினா என்ன?' என்றார். அடுத்த ஞாயிறன்று தோட்டத்தின் மேல்வரப்பில், ஒரு சவுக்கு மரத்தடியில் அமர்ந்து பாடினார். ஐம்பது ஆண்டுக்குமுன் இறந்த தம் தமையனுக்குரிய பாட்டு. இடையிலே அழுது நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இப்ப எடு' என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினார். அத்தந்தையார் சிறிது தொலைவில் கேரட்டு மூட்டை கட்டுவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டைப் பதிவோர்க்குச் சில சொல்ல வேண்டும். சொல்லைத் திருத்தாதீர்கள். 'வெத்தல' என்று பாடினால் 'வெற்றிலை' என்று எழுதவேண்டா. பண்டிதராகிய நாமே சொல்லுகின்றோம். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையிற் பாடியது, யாரிடம் கேட்டது என்பவற்றை அப்போதே அவர் வாயாலே சொல்லச் செய்து பதிக. வாத்தியம் சேர்க்காதீர்கள். பக்கத்தில் ஆடு கத்தினாலும் கத்தட்டும். பாடியவர் 'இதை வெளியே போடாதே' என்று சொன்னால், போடக் கூடாது. அது அவர் சொத்து. பிறர் கேட்கத்தக்கவற்றைச் சங்க அலுவலகத்துக் கணிப்பொறியில் ஊர்வாரியாகச் சேர்த்து வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கின்றார்.

அத்திருமணத்தில் அமர்ந்துவிட்ட பாட்டியாரை நாம் பின்னர்ச் சென்று கண்டோம். முதலில் 'எல்லாம் மறந்து போச்சு' என்றார். நாம் எடுத்துச் சென்ற கைப்பேசியிற் கருப்பாயி அம்மையார் பாட்டைப் போட்டோம். கேட்டார். ஓரடி முடியும் முன்னரே, 'அந்த ஊர்ல இப்படியா பாடுவாக? நாங்க வேற மாதிரி' என்று தொடங்கிவிட்டார். அன்று ஏழு பாட்டுப் பதிந்தோம். நலுங்குப் பாட்டு முழுதும் இருக்கின்றது, நாற்பத்திரண்டு அடி. இன்னும் இருக்கின்றன என்கின்றார். ஆனால் மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி மிகுதியாகிப் பாட முடிவதில்லை. மன்னவனூர்ப் பக்கம் போகும் அன்பர் எவரேனும் தை பிறந்ததும் வண்டியில் நம்மையும் இரண்டு மாணவியரையும் ஏற்றிச் சென்றால், மீதியையும் வாங்கி வந்துவிடலாம். இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நிற்போம். வண்டியுடையோர் பெயரைக் கொடுத்துச் செல்லுக.